நீலச் சன்னலும் சிவப்புப் பென்சிலும்

பிரான்சில் விடுமுறையைக் கழிப்பது, அங்கே ஒரு பழைய வீட்டை வாங்குவது, வாங்கிய வீட்டில் பிரெஞ்சுக்காரரைப் போலவே உண்டு உறங்கி வாழ்வது என்னும் மூன்று ஆசைகளையும் ஆங்கிலேயருக்கு மாதந்தோறும் ஊட்டிவரும் வண்ண இதழ்கள் இங்கிலாந்தில் உண்டு; அவற்றின் ஆசிரியர் நாற்காலியில் அமர்ந்திருப்பவர் தனியொரு மனித வகையைச் சேர்ந்தவர். அவரைக் கல்யாணத் தரகரோடு ஒப்பிடலாம். ஊரார் வாசலிலெல்லாம் வாழைமரம் கட்டக் காரணமான தரகர் தாம் மட்டும் பிரம்மச்சாரியாகவே காலந்தள்ளுவதைப் போல, எத்தனையோ குடும்பங்களைப் பிரெஞ்சுக் கிராமங்களில் குடியேற்றிய இவர், மழை ஓயாத ஓர் ஆங்கில நகரத்தின் வாடகை வீட்டிலேயே இருந்துவிடுவார்.

இவ்வகையினருக்குக் குலமுதல்வர் பீட்டர் மேயில். விளம்பரத் தொழிலை உதறிவிட்டுத் தென்பிரான்சின் மெனெர்ப் கிராமத்தில் குடியேறிய அவர், குளிரில் குழாய் வெடித்ததையும் சொன்ன நாளில் கொத்தனார் வராததையும் 'புரோவான்ஸில் ஓராண்டு' என்ற பொருள்படும் தலைப்பில் நூலாக்கி 1989-இல் வெளியிட்டார். கொத்தனார் வராமை மற்ற நாடுகளில் வயிற்றெரிச்சலாகவும் பிரான்சில் மட்டும் இலக்கியச் சுவையாகவும் விளங்கும் என்ற பேருண்மை அன்று நிலைநாட்டப்பட்டது; ஆசிரியரின் பிழைப்பு முழுவதும் அந்த உண்மையின் மேல்தான் நிற்கிறது.

இதழ் கடைக்கு வருவதற்கு இரண்டு மூன்று மாதங்களுக்கு முன்பே பக்கங்களை முடித்தாக வேண்டியிருப்பதால், அவருடைய பஞ்சாங்கம் பிறருடையதோடு ஒத்துவருவதில்லை. வலென்சோல் மேட்டுநிலத்தில் ஜூன் பிற்பாதியிலிருந்து பூத்துக் கிடக்கும் லாவெண்டர் வயல்களைப் பற்றி, ஏப்ரல் மாதத்துக் குளிரில், சென்ற ஆண்டுப் படங்களை வைத்துக்கொண்டு அவர் உருகுவார். ஊரே வெயிலில் புரளும் ஆகஸ்டிலோ ஸ்திராஸ்பூர் நகரத்துக் கிறிஸ்துமஸ் சந்தையில் மனத்தளவில் நடுங்கிக்கொண்டிருப்பார். பிரெஞ்சுக்காரர் இரண்டு மணிநேரம் அமர்ந்து உண்ணும் மதிய உணவின் மேன்மையைப் பற்றிய கட்டுரையை, ஒரு கையில் காய்ந்த சாண்ட்விச்சைப் பிடித்தபடி அவர் திருத்துகையில், ரொட்டித் துகள் ஒன்று 'நிதானம்' என்ற சொல்லின் மேல் விழும். அதை ஊதித் தள்ளிவிட்டு அவசரமாக அடுத்த வரிக்குப் போவார்.

அவருடைய புலமை முழுமையாக வெளிப்படுவது வீட்டுத் தரகர்களின் விளம்பரங்களுக்கு உரை காண்பதில்தான். 'புதுப்பிக்க ஏற்றது' என்றால் கூரை இல்லை என்பது பொருள். 'சற்றே மெருகூட்டினால் போதும்' என்றால் கூரை உண்டு, தரை இல்லை. 'தனித்தன்மை மிக்கது' என்றால் ஆறடி மனிதர் உள்ளே நிமிர்ந்து நிற்க இயலாது. 'வாய்ப்புகள் நிறைந்தது' என்றால் அது மாட்டுக்கொட்டகை, மாடு அண்மையில்தான் காலி செய்தது. இவற்றையெல்லாம் சிவப்புப் பென்சிலால் தயங்காமல் அடிக்கும் அவர், நீலச் சன்னல் கதவுகளை மட்டும் தொடமாட்டார். ஏனெனில் நீலச் சன்னல் இல்லாத அட்டைப்படம் விலைபோகாது. பாதுகாக்கப்பட்ட நினைவுச்சின்னம் ஒன்று 500 மீட்டருக்குள் இருந்துவிட்டால் அச்சன்னலுக்கு வேறு வண்ணம் பூசுவதற்கே அரசுக் கட்டடக்கலைஞரின் இசைவு தேவைப்படலாம் என்ற செய்தி, பின்பக்கம் ஒன்றின் அடியில் பொடி எழுத்தில் இடம்பெறும்.

வாசகர் கடிதங்களுக்கு விடையளிக்கும்போது அவர் பாதி வழக்கறிஞராகிவிடுவார். விற்பனைப் பத்திரத்தை நிறைவேற்றித் தரும், அரசால் அமர்த்தப்பட்ட சட்ட அலுவலருக்கு 'நோட்டேர்' என்று பெயர். இலங்கைத் தமிழரின் 'நொத்தாரிசு' இச்சொல்லுக்கு உறவுக்காரன். முன்னொப்பந்தத்துக்குப் பின் வாங்குபவர் மனம் மாற 10 நாள் அவகாசம் உண்டு என்பதையும், பழைய வீட்டுக்குப் பத்திரச் செலவு விலையில் 7 முதல் 8 விழுக்காடு வரை வரும் என்பதையும், பெற்ற பிள்ளைகளின் பங்கைப் பிரெஞ்சுச் சட்டம் காப்பதால் ஒரு கொட்டகைக்குக்கூட ஏழு பங்காளிகள் கையெழுத்திட நேரலாம் என்பதையும் அவர் சலிக்காமல் விளக்குவார். போர்தோ மதுவின் நுட்பங்களைக் கேட்டு வரும் கடிதங்களுக்காகக் காத்திருப்பவருக்கு வந்து சேர்வதெல்லாம் செப்டிக் டேங்க் பற்றிய கடிதங்களே. அது விதிக்குப் பொருந்தாவிட்டால் வாங்கியவர் ஓராண்டுக்குள் சரிசெய்ய வேண்டும் என்ற விடை அவருக்கு மனப்பாடம்.

'வியாஜே' என்றொரு முறையும் அங்கே உண்டு: விற்பவர் தம் ஆயுள் முடியும்வரை வீட்டிலேயே இருப்பார், வாங்குபவர் அதுவரை மாதப்பணம் கட்டிவர வேண்டும். 1965-இல் ஆர்ல் நகரத்து நோட்டேர் ஒருவர், 90 வயதான ழான் கல்மான் அம்மையாரின் வீட்டை மாதம் 2,500 பிராங்குக்கு இம்முறையில் பேசி முடித்தார். 30 ஆண்டுகள் கட்டியபின் 1995-இல் அவர்தான் காலமானார், அம்மையாரோ 1997 வரை வாழ்ந்து 122 வயதில் மறைந்தார். சட்டம் கற்றவருக்கே இக்கதி என்று ஆசிரியர் எச்சரித்து எழுதுந்தோறும், வியாஜே வீடுகள் எங்கே கிடைக்கும் என்று கேட்டுக் கடிதங்கள் குவியும்.

ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டுப் பிரித்தானியா விலகியதன் விளைவாக, 2021 முதல் விசாவோ குடியிருப்பு உரிமையோ இல்லாத பிரித்தானியர் எந்த 180 நாளிலும் 90 நாள் மட்டுமே பிரான்சில் தங்கலாம். சொந்த வீட்டுக்குள்ளேயே விருந்தாளியைப் போல நாள் எண்ணும் வாசகருக்கு ஆசிரியர் ஒரு கணக்கு அட்டவணையை வெளியிட்டு, எதிர்ப்பக்கத்தில் ஆறுதலாக நீலச் சன்னல் ஒன்றையும் வைப்பார்.

இத்தனை ஓட்டைகளையும் அறிந்தவர் ஏமாறமாட்டார் என்று கருதுவோர் அவருடைய மேசையின் அடி இழுப்பறையைப் பார்த்ததில்லை. இதழ் அச்சுக்குப் போன மாலையில், அலுவலகம் வெறிச்சோடிய பின், அதிலிருந்து ஒரு விளம்பரத் துண்டை அவர் வெளியே எடுப்பார்: டோர்டோன் ஆற்றோரக் கல்வீடு, பாதிக் கூரை, நான்கு பங்காளிகள், செப்டிக் டேங்க் பற்றிப் பேச்சே இல்லை, 'வாய்ப்புகள் நிறைந்தது'. ஊரார் விளம்பரத்தில் இச்சொற்களைக் கண்டவுடன் அடித்துத் தள்ளும் அதே சிவப்புப் பென்சில் அங்கே சற்று நேரம் தயங்கும். பிறகு அவற்றின் அடியில் மெல்லக் கோடிடும்.