பேத்தி வருகிறாள், லைக்!

லாஸ் ஏஞ்சல்ஸ்

அன்புள்ள பெரியப்பாவுக்கு,



ஜூன் லீவுக்கு உங்கள் பேத்தி மன்னார்குடிக்கு வருகிறாள். அதற்குள் ஒரு விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். ரென் அண்ட் மார்ட்டின் ஆங்கில இலக்கணப் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு, 'லைக்' பெயர்ச்சொல்லுக்கு முன்னால்தான் வரும், முழு வாக்கியம் வந்தால் 'ஆஸ்' என்று ஊருக்கே பாடம் நடத்தியவர் நீங்கள். இவள் வாயைத் திறந்தாலோ, "ஐ வாஸ் லைக், வாட்? ஷி வாஸ் லைக், நோ வே!" இதில் 'சொன்னேன்', 'சொன்னாள்' எங்கே என்று தேடாதீர்கள். அந்த வேலையையும் லைக்கே பார்த்துக்கொள்கிறது.

பழி எங்கள் பேட்டை மேல்தான். பிராங்க் ஸப்பா என்ற பாடகர், சான் பெர்னாண்டோ பள்ளத்தாக்குப் பெண்களின் இந்த 'லைக்' பேச்சைக் கேலி செய்து, தன் 14 வயது மகள் மூனைப் பேசவிட்டு, 1982இல் 'வேலி கேர்ள்' என்று ஒரு பாட்டு வெளியிட்டார். ஊரே சிரித்தது. சிரித்தவர்கள் அப்படியே பேசவும் ஆரம்பித்துவிட்டார்கள்.

ஆனால் பெண்பிள்ளைகளை மட்டும் திட்டாதீர்கள். அதற்கு வெகுமுன்பே, 1954இல், வின்ஸ்டன் சிகரெட் விளம்பரம் 'ஆஸ்' இருக்க வேண்டிய இடத்தில் 'லைக்' போட்டது. இலக்கணக்காரர்கள் கொதித்தார்கள். நல்ல இலக்கணம் வேண்டுமா, நல்ல ருசி வேண்டுமா என்று கம்பெனி பிற்பாடு திருப்பிக் கேட்டது. இடையில் 1961இல் வந்த வெப்ஸ்டர் பேரகராதி இப்படிப்பட்ட பேச்சுவழக்குகளுக்கெல்லாம் இடம் கொடுத்துப் பத்திரிகைகளிடம் வாங்கிக் கட்டிக்கொண்டது.

காதுகொடுத்துக் கேட்டால் இந்த லைக்குக்கும் இலக்கணம் இருக்கிறது. எண்ணுக்கு முன் வந்தால் 'சுமார்'. 'லைக் டென் பீப்பிள்' என்றால் பத்துப் பேர் இருக்கலாம், எண்ணிப் பார்க்கவில்லை. பேச்சுக்கு முன் வந்தால், 'தோரணை இதுதான், வார்த்தைக்கு நான் பொறுப்பில்லை' என்று பொருள். வாய் திறக்காமல் மனசுக்குள் நினைத்ததையும், முகத்தைச் சுளித்ததையும்கூட இதே லைக்கைப் போட்டு நடித்துக் காட்டிவிடலாம். ஆக, நீங்கள் சொல்லிக்கொடுத்த 'போல' என்ற அர்த்தம் எங்கும் ஓடிவிடவில்லை. வேலைதான் கூடியிருக்கிறது.

நம் பெரியம்மாவையே எடுத்துக்கொள்ளுங்கள். குழாயடிச் சண்டையை வந்து சொல்லும்போது, எதிர்வீட்டு மாமி பேசியதெல்லாம் 'ன்னு சொன்னா' என்றுதான் முடியும். கோர்ட்டில் சாட்சி சொல்வது போல அத்தனை நிச்சயம். மாமி உண்மையில் சொன்னது 'சரி' என்ற ஒற்றைச் சொல்லாகத்தான் இருக்கும். உங்கள் பேத்தியோ, 'இது அசல் இல்லை, அசல் போன்றது' என்று முன்னாலேயே சொல்லிவிட்டுத்தான் கதையை எடுக்கிறாள். யார் நேர்மையானவர் என்று நீங்களே மார்க் போடுங்கள்.

பெரியம்மாவுக்குப் படித்துக்காட்டும்போது மேலே உள்ள பத்தியைத் தாண்டிவிடுங்கள். தப்பித்தவறிப் படித்துவிட்டால், முன்னால் ஒரு லைக் சேர்த்துக்கொள்ளுங்கள். நான் ஏதோ அதுபோல எழுதியதாகத்தான் ஆகும், அதையே எழுதியதாக ஆகாது.

உங்கள் அன்புள்ள,
ராஜு