பெண் பிள்ளைகள் ஓடாதிருக்கச் சில யோசனைகள்

பள்ளிக்கு மைதானம் இருந்தால் அதில் பெண் பிள்ளைகளும் ஓடிவிடுவார்களோ என்ற பயம் நிர்வாகத்துக்கு வருவது இயல்பு. பயப்பட வேண்டாம். யாரையும் தடுக்காமலேயே தடுப்பதில் நமக்கு நீண்ட அனுபவம் உண்டு. புதிதாகப் பொறுப்பேற்கும் தலைமையாசிரியர்களுக்காக அதைச் சுருக்கித் தருகிறேன்.

பி.டி. பீரியடை ஒருபோதும் ரத்து செய்யாதீர்கள். டைம்டேபிளில் அது பளிச்சென்று இருக்கட்டும், ஆய்வுக்கு வருகிறவர் அதைத்தான் பார்ப்பார். காலாண்டுத் தேர்வு நெருங்கும்போது கணக்கு டீச்சர் வந்து, "போர்ஷன் முடியல சார், இந்த ஒரு பீரியட் மட்டும்" என்பார். கொடுத்துவிடுங்கள். தப்பித்தவறி ஒரு பீரியட் மிஞ்சினால் பையன்களுக்கு ஃபுட்பாலும் மொத்த கிரவுண்டும், பெண்களுக்கு டென்னிகாய்ட் ரிங் ஒன்றும் வேப்பமரத்தடியும். நாற்பது பேருக்கு ஒரு ரிங் தாராளம். பாதிப் பேர் உட்கார்ந்து ரெக்கார்ட் நோட்டில் படம் வரைவார்கள். "அவங்களுக்கே இன்ட்ரஸ்ட் இல்லைங்க" என்று நீங்கள் மனசாட்சியோடு சொல்லலாம்.

உடை விஷயத்தில் மட்டும் கறாராக இருங்கள். சுடிதாருக்கு மேல் துப்பட்டாவை 'வி' போல மடித்து, இரண்டு தோளிலும் பின் குத்தி, அதற்கு மேல் ஓவர்கோட். கையைத் தலைக்கு மேல் தூக்கினால் பின் தோளில் ஏறும். இந்தக் கோலத்தில் எந்தப் பெண்ணாவது த்ரோபால் எறிந்துவிட்டால் அவளைக் கண்காணியுங்கள். கழிப்பறைச் சாவி ஆபீஸ் டிராயரில் இருக்கட்டும், கேட்டால் தேடிக்கொண்டே இருங்கள். மாதத்தில் சில நாட்கள் அவர்களே வகுப்பில் தங்கிவிடுவார்கள். மீதியை வீடு பார்த்துக்கொள்ளும். வெயிலில் நின்றால் கறுத்துவிடுவாய், வயசுக்கு வந்த பிள்ளைக்குக் குதியாட்டம் என்ன என்று நம் வேலையில் பாதியைச் சம்பளமில்லாமல் செய்து தரும் அம்மாக்களும் அத்தைகளும் ஊரெங்கும் இருக்கிறார்கள்.

இதெல்லாம் பட்டிக்காட்டுத்தனம் என்று யாராவது சொன்னால் ஐரோப்பாவைக் காட்டுங்கள். 1928 ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்கில் முதல்முறையாகப் பெண்களை 800 மீட்டர் ஓடவிட்டார்கள். இறுதிப் போட்டியில் ஒன்பது பேர் ஓடி, ஒன்பது பேரும் முடித்தார்கள். ஓடி முடித்தவர்களுக்கு மூச்சு வாங்கியது. ஆண்களுக்கும் வாங்கும், ஆனால் அது வீரம். பெண்கள் சுருண்டு விழுந்தார்கள் என்று பத்திரிகைகள் எழுதித் தள்ளின. 1960 ரோம் ஒலிம்பிக் வரைக்கும் அந்த ஓட்டமே பெண்களுக்குக் கிடையாது. பெண் நலம் கருதி முப்பத்திரண்டு வருஷம்! நமக்கு இன்னும் அந்தப் பொறுமை வரவில்லை.

பெண்களோடு நிறுத்திவிடக் கூடாது. கபடி டீம் எடுக்கும்போது நீங்கள் சாதி கேட்கவே வேண்டாம், கேட்டால் சட்டச் சிக்கல். சில ஊர்களில் கையில் கட்டியிருக்கும் கயிற்றின் நிறத்தைப் பார்த்துப் பையன்களே பிரிந்துகொள்வார்கள். நீங்கள் விசில் ஊதினால் போதும். சுண்ணாம்பு வாளியைத் தூக்கி டிராக் போடுவது யார், கேப்டன் யார் என்பதும் தானாகவே அமைந்துவிடும். இதற்கு முன்னோடிகள் உண்டு. பல்வங்கர் பாலூ என்ற இடக்கைச் சுழற்பந்து வீச்சாளர் புனேயில் பிட்சைப் பராமரித்தவர். 1911 இங்கிலாந்துப் பயணத்தில் நூறு விக்கெட்டுகளுக்கு மேல் சாய்த்தார். அவர் பந்து வேண்டியிருந்தது. தேநீர் இடைவேளையில் மற்றவர்களுக்கு உள்ளே பீங்கான் கோப்பை, அவருக்கு மட்டும் வெளியே மண் குவளை. கேப்டன் பதவி கடைசிவரை வரவில்லை. திறமையை வாங்கிக்கொண்டு ஆளை வெளியே நிறுத்துவது எப்படி என்று இதைவிடத் தெளிவாக யார் சொல்லித் தருவார்கள்?

இவ்வளவு செய்தும் ஒருத்தி ஜெயித்துவிட்டால்? அதற்கும் வழி இருக்கிறது, மேலிடத்திலேயே. புதுக்கோட்டை மாவட்டம் கத்தக்குறிச்சியில் செங்கல் சூளைத் தொழிலாளி வீட்டுப் பெண் சாந்தி சௌந்திரராஜன். 2006 தோஹா ஆசிய விளையாட்டில் அதே 800 மீட்டரில் வெள்ளி வாங்கினார். உடனே பாலினச் சோதனை. பதக்கம் போனது, சோதனை முடிவு மட்டும் செய்தியாகி ஊரெல்லாம் ஓடியது. ஊக்கமருந்து எடுத்தார் என்று யாரும் சொல்லவில்லை. பிறந்த உடம்போடு ஓடியதுதான் குற்றம். சில வருஷம் கழித்து அவர் செங்கல் சூளையில் தினக்கூலியாக வேலை செய்தார். பிறகு அரசுப் பயிற்சியாளரானார் என்பது வேறு கதை.

வழக்குப் போடத் துணிந்தவள் மாட்டினால்தான் தொல்லை. 2014இல் ஹார்மோன் அளவு விதியைக் காட்டி காமன்வெல்த் போட்டிக்கான அணியிலிருந்து நீக்கப்பட்ட ஓட்டக்காரர் டூட்டி சந்த், விளையாட்டுத் தீர்ப்பாயத்துக்கே போய் 2015இல் அந்த விதியை நிறுத்திவைக்க வைத்தார். 2018 ஆசிய விளையாட்டில் இரண்டு வெள்ளியும் வாங்கினார்.

தோற்றவளுக்கும் தயாராக இருங்கள். டோக்கியோ ஒலிம்பிக் ஹாக்கியில் வந்தனா கட்டாரியா தென்னாப்பிரிக்காவுக்கு எதிராக ஹாட்ரிக் அடித்தவர். அரையிறுதியில் இந்தியா அர்ஜென்டினாவிடம் தோற்றதும் ஹரித்வார் பக்கத்திலுள்ள அவர் வீட்டு வாசலில் பட்டாசு வெடித்துச் சாதி சொல்லித் திட்டினார்கள். தோற்றது பதினோரு பேர், திட்டு வாங்கியது ஒரு வீடு. கணக்கு டீச்சர்களுக்கே இந்தக் கணக்கு வராது.

கடைசியாக, ஸ்போர்ட்ஸ் டே. பெண்களுக்கு முக்கியத்துவம் தரவில்லை என்ற பேச்சு அன்றைக்கு எழவே கூடாது. சிறப்பு விருந்தினருக்குப் பன்னீர் தெளிக்க நான்கு பேர், சந்தனம், கற்கண்டுக்கு இரண்டு பேர், வரவேற்பு நடனத்துக்குப் பன்னிரண்டு பேர். நடனப் பயிற்சிக்கு ஒரு வாரம் முன்பிருந்தே கிரவுண்டைக் கொடுங்கள், பி.டி. பீரியடையும் சேர்த்து. பரிசளிப்பின்போது மெடல் தட்டை ஏந்தி நிற்க மட்டும் ஆள் பார்த்துப் போடவேண்டும். அமைச்சர் பேசி முடிக்க ஒரு மணி நேரமாவது ஆகும், தட்டும் கனம். நன்றாக ஓடக்கூடிய பெண்ணாகப் பார்த்து நிறுத்துங்கள், கை நடுங்காது.