எந்த லண்டன்?

கேள்வி: ரோம் நகரிலிருந்து லண்டனுக்கு விமான டிக்கெட் அடிமாட்டு விலைக்குக் கிடைக்கிறதே, உடனே போட்டுவிடலாமா?

பதில்: போடலாம், எந்த லண்டன் என்று பார்த்துவிட்டு! ஊர் ஒன்றுதான், அதன் பெயரைச் சொல்லிக்கொள்ளும் விமான நிலையங்கள் ஆறு. ஹீத்ரோ, கேட்விக், சிட்டி, ஸ்டான்ஸ்டெட், லூட்டன், சவுத்எண்ட். மலிவு டிக்கெட்டுகளில் பல ஸ்டான்ஸ்டெட்டில்தான் இறக்கிவிடும். அது எசெக்ஸில், நகரின் நடுவிலிருந்து சுமார் 60 கி.மீ. தள்ளி இருக்கிறது. செங்கல்பட்டில் இறக்கிவிட்டு 'சென்னை வந்தாச்சு' என்பது மாதிரி. அங்கிருந்து நகருக்குள் இருக்கும் லிவர்பூல் ஸ்ட்ரீட் ஸ்டேஷனுக்கு ரயிலில் முக்கால் மணி நேரத்துக்கு மேல் ஆகும், கட்டணம் தனி. நள்ளிரவு தாண்டி இறங்கினால் பஸ், டாக்ஸிதான். ஹீத்ரோவிலோ பிக்கடில்லி லைன் சுரங்க ரயில் இருக்கிறது; 2022-இல் திறந்த எலிசபெத் லைனும் நேரே நகருக்குள் கொண்டுபோய் விடும்.

அடுத்தது பெட்டி. அந்த விலையில் இருக்கைக்கு அடியில் நுழையும் சின்னப் பை மட்டுமே இலவசம். பெட்டிக்குத் தனிக் காசு. எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்துவிட்டு எது மலிவு என்று முடிவு செய்யுங்கள்.

முக்கியமாக ஒன்று: இத்தாலிக்கு வாங்கிய ஷெங்கன் விசா லண்டனில் செல்லாது. பிரிட்டன் விசா கைக்கு வந்த பிறகு டிக்கெட் போடுங்கள்.