தட்டானுக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது

1935 வாக்கில் ஜம்புலிங்க முதலியார் தன் நிலத்தில் கிணறு தோண்டினார். தண்ணீரோடு கரேலென்று ஏதோ வந்தது. மனிதர் முகத்தைச் சுளித்துக் கிணற்றை மூடிவிடவில்லை. என்னவென்று பாருங்கள் என்று அரசாங்கத்திடம் சொன்னார். நெய்வேலி அப்படிப் பிறந்த ஊர். தண்ணீரை ஒருவர் குனிந்து பார்த்ததால் வந்த ஊர். 1956-ல் நெய்வேலி பழுப்பு நிலக்கரி நிறுவனம் வந்தது. பிறகு நவரத்னா பட்டம் வந்தது. 2016-ல் பெயரும் மாறியது. குனியும் பழக்கம் மட்டும் வழியில் எங்கோ தொலைந்துவிட்டது.

நகரியத்துக்குள் சாலைக்குச் சாலை மரநிழல். ஆண்டுதோறும் புத்தகக் கண்காட்சி. வெளியே வந்தால் வடக்கு வெள்ளூர். அங்கே நீரில் பாதரசம் வரம்பைப் போல 250 மடங்கு என்று 2023-ல் பூவுலகின் நண்பர்கள் அமைப்பின் ஆய்வு சொன்னது. வரம்பு எவ்வளவு? குடிநீரில் லிட்டருக்கு 0.001 மில்லிகிராம். பசுமைத் தீர்ப்பாயம் தானாகவே வழக்கை எடுத்தது. அப்புறம் நம் நாட்டின் கைகண்ட மருந்துதான்: மாதிரி, அறிக்கை, வாய்தா.

மாதிரி எடுப்பதை நீங்களும் எங்காவது பார்த்திருப்பீர்கள். ஜீப் வரும். கேன் முங்கும். லேபிள் ஒட்டுவார்கள், போட்டோ எடுப்பார்கள், டீ குடிப்பார்கள். ஜீப் போய்விடும். அந்தக் கேனுக்குத் தெரிந்ததெல்லாம் அந்த ஒரு நிமிடத்து ஆறு. முந்தின ராத்திரி என்ன வந்தது என்று கேனைக் கேட்டால் கேன் என்ன சொல்லும்? கழிவுக்கு எல்லா ஊரிலும் ராத்திரிதான் நல்ல நேரம்.

தண்ணீர்ப் பூச்சிக்கு அந்த ராத்திரி தெரியும். அது அங்கேயே குடியிருக்கிறது. தட்டான் பறப்பதற்கு முன் மாதக்கணக்கில் தண்ணீருக்குள் கிடக்கும் ஜீவன். மே ஈ என்ற பூச்சியின் குஞ்சு கல்லுக்கடியில் ஒட்டிக்கொண்டிருக்கும். தண்ணீரில் உயிர்க்காற்று குறைந்தால் முதலில் போய்ச்சேருகிறவற்றில் அது ஒன்று. ரத்தப்புழு நேர் எதிர். உடம்பிலேயே ஹீமோகுளோபினை வைத்துக்கொண்டு சாக்கடைச் சேற்றிலும் சிவக்கச் சிவக்க நெளியும். எது எவ்வளவு அழுக்கைத் தாங்கும் என்பதை வைத்து ஒவ்வொரு குடும்பத்துக்கும் மதிப்பெண் போடுகிறார்கள். மே ஈயின் சில குடும்பங்களுக்குப் பத்துக்குப் பத்து. மண்புழு இனத்துச் சேற்றுப்புழுவுக்கு ஒன்று. தட்டான் தாழப் பறந்தால் மழை என்று நம்பிய சனத்துக்கு இது புரியாத கணக்கா?

மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கும் புரியும். நெதர்லாந்துக்காரர்களோடு சேர்ந்து யமுனையில் இறங்கிப் பார்த்து, இந்திய ஆறுகளுக்கென்றே அளவுகோல் வகுத்தது அதே வாரியம்தான். ஐந்து வகுப்பு, ஐந்து நிறம். சுத்தமான ஆற்றுக்கு நீலம், செத்த ஆற்றுக்குச் சிவப்பு. அருமையான வேலை. அச்சடித்து அலமாரியில் வைத்தார்கள். அங்கே கரையான் அதைப் படித்துக்கொண்டிருக்கும். பூச்சியைப் பற்றிய புத்தகம், பூச்சிக்கே உதவட்டும்.

நியாயமாகச் சொல்லிவிடுகிறேன். பூச்சி, "பாதரசம்" என்று பெயர் சொல்லாது. "ஏதோ சரியில்லை" என்று செத்துக் காட்டும், அவ்வளவுதான். எந்த நஞ்சு என்று கண்டுபிடிக்க ஆய்வகம் வேண்டும். ஆனால் வலை, வெள்ளைத் தட்டு, லென்ஸ் இவை மூன்றும் ஒரு ஆய்வுக் கூட்டத்தின் முந்திரி பக்கோடாச் செலவுக்குள் அடங்கும். பள்ளிப் பிள்ளைகளே பார்த்துவிடலாம். அதுதான் சிக்கல். பிள்ளைகள் பார்த்ததைப் பார்த்தபடி சொல்லிவிடும். தட்டானுக்கோ கையெழுத்துப் போடத் தெரியாது. "வரம்புக்குள் உள்ளது" என்று எழுதித் தராத சாட்சியை யார் கூண்டில் ஏற்றுவார்கள்?

ஆற்றைச் சோதிப்பதைவிட ஆற்றையே நகர்த்துவது இங்கே சுலபம். நெய்வேலிச் சுரங்கத்துக்கு இடைஞ்சல் என்று பக்கத்தில் ஓடும் பரவனாற்றுக்குச் சுமார் 12 கிலோமீட்டருக்குப் புது வழி வெட்டினார்கள். அதற்காக 2023 ஜூலையில் வளையமாதேவியில் கதிர் பிடித்துக்கொண்டிருந்த நெல்லுக்குள் பொக்லைன் இறங்கியது. எப்போதோ கையகப்படுத்திய நிலம் என்றது நிறுவனம். அழுகை வந்தது என்று உயர் நீதிமன்ற நீதிபதியே சொன்னார். பயிர் வாடினால் தானும் வாடிய வள்ளலாரின் வடலூர் பக்கத்திலேயே இருக்கிறது. ஆற்றை மாற்றியவர்கள், பழைய ஆற்றில் குடியிருந்த ஜீவன்களைக் கணக்கெடுத்திருந்தால் அந்தக் கணக்கை ஊருக்குக் காட்டட்டும். சுரங்கத்திலிருந்து இறைத்துத் தள்ளும் தண்ணீர் எத்தனை கோடி லிட்டர் என்று விளம்பரம் செய்யத் தெரிகிறதே, அதில் எத்தனை உயிர் என்று சொல்ல மட்டும் ஏன் நா எழவில்லை?

பரவனாற்றுத் தண்ணீர் வந்து சேரும் பெருமாள் ஏரிப் பாசனக்காரர்களே, அடுத்த குறைதீர்க் கூட்டத்துக்கு நீளமான மனு வேண்டாம். ஒரே வரி எழுதுங்கள்: "வாரியத்தின் அளவுகோல்படி பரவனாறு எந்த நிறம்?" பதிலைப் பலகையில் எழுதி வளையமாதேவிக் கரையில் நடச் சொல்லுங்கள். நடும்வரை மனு ரசீதைத் தொலைத்துவிடாதீர்கள்.