சலமான்காத் தவளை: கண்டறிதலும் காட்டிக்கொடுத்தலும்

ஸ்பெயினில் ஒரு செமஸ்டர் படிக்க வரும் வெளிநாட்டு மாணவர், ஏதாவதொரு சனிக்கிழமை சலமான்காவுக்குப் போகாமல் ஊர் திரும்புவது அரிது. மத்ரித்திலிருந்து 200 கிலோமீட்டருக்குச் சற்றுக் கூடுதல்; பஸ்ஸில் இரண்டரை மணி நேரம். லெயோன் மன்னன் ஒன்பதாம் அல்போன்சோ 1218இல் நிறுவிய பல்கலைக்கழகம் அங்கே இருக்கிறது. நெப்ரிஹாவின் ஸ்பானிய இலக்கணம் 1492இல் அச்சேறியதும் அவ்வூரில்தான். இவற்றைப் பற்றியெல்லாம் அறிஞர்கள் வேண்டிய அளவு எழுதிவிட்டார்கள். ஈண்டு ஆராயப்படுவது தவளை.

பல்கலைக்கழகத்தின் பழைய கட்டடத்துக்கு 16ஆம் நூற்றாண்டில் ஒரு முகப்பு எழுப்பினார்கள். பக்கத்து வில்லமயோர் ஊர்க் கல். வெட்டும்போது மிருதுவாக இருந்து, காற்றுப் பட்டபின் இறுகுவது. அப்படி ஒரு கல் கைக்குக் கிடைத்தால் சிற்பி சும்மா இருப்பாரா? அரசர் பெர்னாந்தோ, அரசி இசபெல், கேடயங்கள், இலைகள், விலங்குகள், யாரென்று தெரியாத முகங்கள் என ஒரு விரல்கடை இடம் விடாமல் செதுக்கித் தள்ளிவிட்டார்கள். அந்த நெரிசலில் ஒரு கபாலம். கபாலத்தின் உச்சியில் ஒரு தவளை. யாருடைய உதவியும் இல்லாமல் அதைக் கண்டுபிடிக்கும் மாணவர் தேர்வில் தேறுவார் என்பது ஊர் நம்பிக்கை. எந்தத் தூண், எந்தக் கபாலம் என்பதை இக்கட்டுரை சொல்லாது. சொன்னால் அது வினாத்தாள் கசிவு.

'யாருடைய உதவியும் இல்லாமல்' என்ற நிபந்தனைதான் சிக்கல். முகப்பின் எதிரே நிற்கும் கூட்டத்தைக் கவனித்தால் மாணவரின் வீழ்ச்சி படிப்படியாகத் தெரியும். முதலில் நேர்மை: அண்ணாந்து, வாய் பிளந்து, இடமிருந்து வலமாக வரிசை பிசகாமல் பார்க்கிறார். கொஞ்ச நேரத்தில் பிடரி வலிக்கிறது. பிறகு கண் முகப்பை விட்டு மெல்ல இறங்கி, பக்கத்தில் நிற்பவரின் சுட்டுவிரல் எங்கே நீள்கிறது என்று பார்க்கிறது. உலகத்துத் தேர்வுக்கூடங்கள் அனைத்திலும் பக்கத்துப் பேப்பருக்குப் போகும் அதே ஓரப்பார்வை. அதற்குள் ஒரு வழிகாட்டி நாற்பது பேரோடு வந்து குடையை உயர்த்திச் சரியான இடத்தைக் காட்டிவிட்டால், மொத்த ஹாலும் காப்பியடித்ததாகிறது. போனில் சிவப்பு வட்டம் போட்ட படத்தைப் பெரிதாக்கிப் பார்ப்பவர் பிட் வைத்திருப்பவர். அவருக்கு வேறு பெயர் கிடையாது. இவர்கள் எல்லோரிலும் பெரிய வகுப்பு, ஒன்றும் தெரியாமலே "ஆமாமா, தெரியுது" என்று தலையாட்டுவோர்.

இத்தனையும் ஒரு கண்காணிப்பாளரின் முன்னிலையில் நடக்கிறது. முகப்பைப் பார்த்தபடி நிற்கும், இங்கே பாடம் நடத்திய ஃபிராய் லூயிஸ் தெ லெயோனின் வெண்கலச் சிலை 1869இல் வைத்தது. 'சத்தம் போடாதீர்கள்' என்பதுபோல ஒரு கையை நீட்டியிருக்கிறார். அந்தக் கை போகும் திசையில் தவளையைத் தேடுபவர் ஏமாறுவார். விவிலியத்தின் ஒரு பகுதியைத் தாய்மொழியில் பெயர்த்ததும் அவர்மேல் சாட்டப்பட்ட குற்றங்களில் ஒன்று. சமய விசாரணை மன்றம் அவரை 1572இல் சிறையில் தள்ளி 1576இல்தான் விட்டது. திரும்பி வந்து வகுப்பில் நேற்று விட்ட இடத்திலிருந்து பாடத்தைத் தொடங்கினார் என்பது செவிவழிச் செய்தி. வருகைப் பதிவு குறைந்ததற்குக் காரணம் சொல்லும் மாணவர்கள் அவர் முகத்தைப் பார்க்காமல் நிற்பது நல்லது.

அற்றேல், தவளைக்கு முன்னே மாணவர் எதை நம்பித் தேர்வெழுதினர் எனின், காலை நம்பி. பழைய பேராலயத்தில் சாந்தா பார்பரா சிற்றாலயம் இருக்கிறது. தேர்வுக்கு முந்தைய இரவு மாணவரை அங்கே தனியே அடைத்துவிடுவார்கள். அங்கே கல்லறையில் படுத்திருக்கும் ஆயரின் கற்சிலைப் பாதங்களில் தம் பாதங்களை வைத்துக்கொண்டு அவர் விடியும்வரை படிக்க வேண்டும். பாஸாவதற்குக் காலைப் பிடிப்பது அங்கே பேச்சுவழக்காக இல்லை, நடைமுறையாகவே இருந்தது. தேறியவர் பெரிய வாசல் வழியாக வெளியேறுவார். காளைச் சண்டை நடக்கும். அந்தக் காளையின் ரத்தம் கலந்த சாயத்தால் சுவரில் 'வீத்தோர்' என்ற வெற்றிக் குறியை எழுதுவார்கள். அச்சிவப்பு எழுத்துகள் ஊர்ச் சுவர்களில் இன்றும் இருக்கின்றன. தோற்றவர் வண்டி வாசல் வழியே போய்விட வேண்டும். யாரும் எதுவும் எழுத மாட்டார்கள்.

இனி, தவளையின் உட்பொருள். தவளை காமம், கபாலம் சாவு. பெண்பித்துப் பிடித்துத் திரிந்தால் இதுதான் கதி என்று மாணவருக்குச் செதுக்கிய எச்சரிக்கையே அது என்பார் பலர். அப்படியானால் விடுதிக் காப்பாளர் ஒட்டிய அறிவிப்பைத்தான் மாணவர் குலம் இத்தனை காலம் குலதெய்வமாகக் கொண்டாடி வந்திருக்கிறது. இவ்வாய்வாளருக்கு இதில் வியப்பில்லை.

புதிய பேராலயத்தின் வாசலில் ஒரு விண்வெளி வீரர் இருக்கிறார். 1992இல் பழுதுபார்த்தபோது கல்தச்சர் குறும்பாகச் செதுக்கியது. எளிதில் கண்ணில் படுகிறார். பலன் எதுவும் சொல்லப்படவில்லை. சிலபஸில் இல்லாத பகுதி என்று விட்டுவிடலாம்.

தவளையைப் பார்ப்பது குற்றமல்ல, தவளையை மட்டும் பார்ப்பதுதான் வருத்தம் என்று உனாமுனோ சொன்னதாக ஒரு பேச்சு உண்டு. 1900இல் இதே பல்கலைக்கழகத்தின் ரெக்டரான எழுத்தாளர், சொல்லியிருக்கக் கூடியவர். ஆனால் ரெக்டர்களுக்குக் கடைசி பஸ்ஸைப் பிடிக்கும் கவலை இல்லை.

எஞ்சுவது அதிகார வரம்பு. மத்ரித்தில் எழுதும் பேப்பருக்குச் சலமான்காத் தவளை பொறுப்பேற்குமா? ஏற்காது என்பது குறுகிய பார்வை. ஐரோப்பாவில் ஒரு பல்கலைக்கழகத்தில் வாங்கிய கிரெடிட் இன்னொன்றில் செல்லுபடியாகிறது. தவளை மட்டும் ஏன் செல்லாது? இதைவிடக் கடினமானது, கண்டுபிடிக்க முடியாமல் போனவர் கடைவீதியில் பட்டதாரித் தொப்பி போட்ட தவளைப் பொம்மையை வாங்குவது. தொடர்ந்து ஆலோசித்ததில் இவ்வாய்வாளர் ஒரு முடிவுக்கு வந்திருக்கிறார்: கடைத் தவளைக்கு இன்டர்னல் மார்க் போடலாம். எழுத்துத் தேர்வுக்குக் கல் தவளைதான்.