மிக்சர் புணரியல்

நிலைமொழியும் வருமொழியும் சேருமிடத்தில் தோன்றல், திரிதல், கெடுதல் என விகாரம் மூன்று என்று இலக்கண நூலார் வகுத்தனர். வீட்டில் ரிசீவர் கட்டும் ஹாம்களை அவர்கள் நினைத்திருக்க வழியில்லை. ஆயினும் மிக்சருக்கு இதைவிடப் பொருத்தமான பாகுபாடு எந்தச் சர்க்கியூட் புத்தகத்திலும் எனக்கு அகப்படவில்லை. லோக்கல் ஆசிலேட்டர் நிலைமொழி. ஆன்டெனா வழியே வருவது வருமொழி. இரண்டும் புணர்ந்தால் கூட்டுத்தொகை ஒன்றும் வித்தியாசம் ஒன்றும் பிறக்கும். வேண்டியதை ஐ.எஃப். ஃபில்டர் எடுத்துக்கொள்ளும். இது இயல்பு. இனி விகாரம்.

கெடுதலாவது, ஸ்டேஷன்கள் எல்லாம் காணாமல் போவது. ஆசிலேட்டர் ஓடாமை ஒன்று. ஓடியும் வலு போதாமை மற்றொன்று: எஸ்.பி.எல்-1 வகை டயோடு ரிங்குக்கு 5 மில்லிவாட் ஊட்ட வேண்டும். மூன்றாவது, கட்டியவர் கைவண்ணம். ரிங்கில் நான்கு டயோடுகளும் ஒன்றன் வாலை ஒன்று பிடித்துச் சுற்றிவர வேண்டும். பவர் சப்ளை கட்டிய பழக்கத்தில் பிரிட்ஜ் ரெக்டிஃபையராகச் சால்டர் வைத்தவர்கள் உண்டு. டொராய்டில் ஒரு கம்பியின் தலையும் வாலும் இடம் மாறினாலும் கதி அதுவே.

தோன்றல்தான் சந்ததி மிகுந்தது. மூத்த மகன் இமேஜ். 455 கிலோஹெர்ட்ஸ் ஐ.எஃப். வைத்து 7.100 மெகாஹெர்ட்ஸ் கேட்க ஆசிலேட்டரை 7.555-இல் நிறுத்தினால், 8.010-இல் இருப்பவரும் அதே வாசல் வழியே நுழைவார். முன்னே நல்ல ஃபில்டர் போட வேண்டும், அல்லது ஐ.எஃப்.-ஐ உயர்த்த வேண்டும். உயர்த்தினால் இளையவன் பிறப்பான், பெயர் விசில். 9 மெகாஹெர்ட்ஸ் ஐ.எஃப்.-க்கு ஆசிலேட்டர் 2.0-இலிருந்து 1.8 வரை போகும், 1.8-இன் ஐந்தாம் ஹார்மானிக் சரியாக 9. ஆகவே 7.200-ஐ நெருங்கும்போது யாரும் அனுப்பாத சீழ்க்கை ஒன்று கேட்கும். ஆன்டெனாவைக் கழற்றுங்கள்: இமேஜ் போய்விடும், விசில் இருக்கும். இவ்வளவு எளிய சோதனையை விட்டுவிட்டு ஐ.சி.யை மாற்றுபவர்களை என்ன சொல்வது!

ஐ.எஃப். இல்லாத நேரடி ரிசீவரில் தோன்றுவது உறுமல். சோவியத் நாட்டு விளாதிமிர் பொல்யகோவ் இரண்டு டயோடுகளை எதிரெதிராக இணைத்து, ஆசிலேட்டரைப் பாதி அதிர்வெண்ணில் ஓட்டி அதைப் பெருமளவு அடக்கினார்.

திரிதல் இரவில் வருவது. எஸ்.ஏ.612 சிப் மலிவு. ஆசிலேட்டரும் உள்ளேயே உண்டு. பலத்த சிக்னலை மட்டும் தாங்காது. 7.250-இலும் 7.350-இலும் ஒலிபரப்பு நிலையங்கள் முழங்கினால், முன்னதை இரட்டித்துப் பின்னதைக் கழித்த 7.150-இல் ஒரு போலி எழும். 6 டெசிபெல் அட்டெனுவேட்டரை முன்னால் போட்டால் மெய்ச்சிக்னல் 6 குறையும். போலியோ 18 குறையும். இதற்கு மருந்தாக ஆர்.எஃப். ஆம்ப்ளிஃபையர் சேர்ப்பது நம்மவர் வழக்கம். அது நோயைப் பெருக்கும்.

புறனடை: வறண்ட சால்டரும் விட்டுப்போன கிரவுண்டும் மிக்சர் விகாரம் ஆகா, பழி மட்டும் மிக்சருக்கே.

ஐயம் தீர்க்க வருவோர் ‘கேக்கல சார்’ என்பதோடு வராமல், ஆசிலேட்டர் காலில் ஆர்.எஃப். புரோப் காட்டிய வோல்ட் கணக்கோடு வருமாறு வேண்டுகிறேன்.