ஒலிக்குக் கைப்பிடி

ஒலித்தொகுப்புச் செயலியான ஆடாசிட்டியில் ஒலித்துண்டு ஒன்றை அரை விநாடி தள்ளி வைக்க முன்பெல்லாம் பெரிய சடங்கே உண்டு. மேலே போய் இருபக்க அம்பு போட்ட கருவியை எடு, நகர்த்து, மறுபடி மேலே போய்ப் பழைய கருவிக்கு மாறு. மாற மறந்தால், தேர்ந்தெடுக்க நினைத்த துண்டு தரதரவென்று இழுபட்டுப் போகும். 2000-இல் வந்த செயலி இது. 2021 அக்டோபரில், 3.1 பதிப்பில்தான் துண்டின் தலையில் ஒரு பட்டை முளைத்தது. பிடி, இழு, அவ்வளவுதான். அம்புக் கருவிக்குக் கட்டாய ஓய்வு. கைப்பழக்கம் கெட்டுவிட்டதாகச் சிலருக்கு ஆறாத துக்கம்; கஷ்டப்பட்டுக் கற்றதை இப்படிச் சுலபமாக்கினால் யாருக்குத்தான் பொறுக்கும்!

இந்த மாற்றத்துக்குப் பொறுப்பேற்ற மார்ட்டின் கேரி, இசைக்குறிப்பு எழுதும் செயலியான மியூஸ்ஸ்கோரின் வடிவமைப்பை யூடியூபில் கிழிகிழியென்று கிழித்தவர். மியூஸ்ஸ்கோர்காரர்கள் கோபித்துக்கொள்ளாமல், அந்த வடிவமைப்பையே அவர் தலையில் கட்டிவிட்டார்கள். ஆடாசிட்டி அதன்பின் வந்த கூடுதல் சுமை. வாய்க்கு இதைவிடக் கடுமையான தண்டனை கிடையாது.

2022-இல் வந்த 3.2-இல் இன்னொரு வசதி. அதுவரை எதிரொலி சேர்த்து, கேட்டு, பிடிக்காமல் நீக்கி, மறுபடி சேர்க்க வேண்டும். இப்போது பாட்டு ஓடும்போதே திருகலாம். ஆகவே, பாட்டை முடிக்காமலே திருகிக்கொண்டும் இருக்கலாம்.